ஒச்சித்தியின் இடக்கை

அச்வா ஆற்றங்கரை,
எள் அறுப்பு முடிந்த வாரம்.

என் மகன் கின்யேராவுக்கு, உன் அப்பா லாடிகோ சொல்லி எழுதுவது.

இங்கே நான் நலம். நீ நலமா என்று முதலில் கேட்கவேண்டும் என்றாள் லம்வாகா. கேட்டுவிட்டேன். உபதேசியாரின் மனைவி லம்வாகாதான் இதை எழுதுகிறாள். கோயில் மாமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் வேகமாகப் பேசுகிறேனாம். "மெதுவா சொல்லுங்க பெரியவரே, மாட்ட விரட்டுற மாதிரி விரட்டுறீங்க. எம் பேனாவுக்கு நாலு காலா இருக்கு" என்கிறாள். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதவேண்டும், ஜெபப் புத்தகத்து மொழியில் மாற்றக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

நீ கம்பாலாவில் இருப்பதை நியேகோ சொன்னான். அவன் இப்போது பெரிய பேருந்து ஓட்டுகிறான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாழைத்தார் இறக்கும் இடத்தில் உன்னைப் பார்த்தானாம். "வாத்தியாரேன்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன் பெரியவரே. திரும்பல. ஆனா அந்த நடை அவரு நடைதான், தார் தூக்கினாலும் அணிவகுப்புல போற மாதிரியே போறாரு" என்றான். நீ திரும்பாததில் எனக்கு வருத்தமில்லை. உயிரோடு நடக்கிறாய் என்று தெரிந்தது. அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வீட்டுச் செய்தி. குதிரின் கூரையைக் கரையான் தின்றது, புதிதாக வேய்ந்துவிட்டேன். உன் அம்மாவின் கல்லறை மேட்டில் ஆடு ஏறாமல் முள் கட்டியிருக்கிறேன். கறுப்பு ஆடு இரட்டை போட்டது. ஒன்று நொண்டி, ஆனால் அதற்குத்தான் திமிர் அதிகம்.

தண்ணீருக்கு இப்போது பாறைக்கு அப்பால் இருக்கும் பழைய ஊற்றுக்குப் போகிறேன். பக்கத்துக் குழாய்க்கிணற்றுக்கு ஒச்சித்தி வீட்டார் வருவார்கள். உயிர்ப்பழி தீர இரண்டு பக்கமும் கசப்பு வேரைச் சேர்ந்து குடிக்கும்வரை அவர்கள் குலமும் நம் குலமும் ஒரே பானையில் உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு நாள் பொழுதில் அது எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியாது. நீ இங்கே இல்லை. சாவு வீட்டில் நான் உட்கார்ந்தால் அவர்கள் எழுந்து போகவேண்டும். அவர்கள் உட்கார்ந்திருந்தால் நான் வேலியோரம் நிற்கவேண்டும். சோளக் கள் பானையைச் சுற்றி எல்லோரும் நீளக் குழல்களை வைத்து உறிஞ்சும்போது யாராவது ஒருவர், "பெரியவருக்கு ஒரு குவளையில தனியா ஊத்திக் குடுங்கப்பா" என்பார். தனியாகக் குடிக்கிற கள் கள்ளே இல்லை. இப்போதெல்லாம் நான் போவதில்லை. நம் குலத்தில் மற்றவர்களும் சங்கடப்படுகிறார்கள். வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் என் வாசலுக்கு வருவது குறைந்துவிட்டது. சில நாள் ஆட்டைத் திட்டும்போதுதான் என் குரலை நானே கேட்கிறேன்.

வாசலில் ஒரு முட்டை வைத்திருக்கிறேன். நீண்ட நாள் வெளியே இருந்தவன் பச்சை முட்டையை மிதித்துவிட்டு உள்ளே வரவேண்டும் அல்லவா. நீ திடீரென்று வந்து நின்றால் அப்போது போய்க் கோழியைத் துரத்த முடியுமா. அதனால் வைத்தேன். பழசானால் அதை நான் அவித்துத் தின்றுவிட்டுப் புதிது வைக்கிறேன். லம்வாகா இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துகிறாள். எழுதம்மா, முட்டை தின்பது பாவமில்லை.

மகனே, எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் மறதியும் தெரியாது. சண்டை ஓய்ந்து நாம் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய வருடம் நீ சாரணர் படை ஆரம்பித்தது முழுக்க நினைவிருக்கிறது. முகாமிலேயே பிறந்து, சோறு லாரியில் வரும் என்று ரோட்டைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. நீ அவர்களுக்குக் காக்கிச் சட்டை மாட்டி, கழுத்தில் துணி கட்டி, கையில் கம்பு கொடுத்து வரிசையில் நடத்திக்கொண்டு வந்தாய். தூரத்திலிருந்து பார்த்த நம் பெண்கள் என்ன செய்தார்கள். எள் காயப்போட்ட முற்றத்தை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். சட்டியில் கீரை கருகியது. புதர்ப் படைதான் மறுபடி பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று நினைத்துவிட்டார்கள். உன் பெரியம்மா தானியக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். வெளியே இழுத்தபோது, "கொல்றதுன்னா வெளியவே கொல்லு, குழிக்குள்ள வேணாம், தானியம் வீணாயிடும்" என்றாள். அவளிடம் நீ குனிந்து, "பெரியம்மா, நாந்தான், கின்யேரா. தண்ணி தூக்கித் தர வந்திருக்கோம்" என்றாய். அந்தப் பிள்ளைகள் அன்று ஊர்க் கிழவிகளின் குடங்களையெல்லாம் நிரப்பினார்கள். ஊர் அதை நம்ப ஒரு பருவம் ஆயிற்று.

பிறகு அந்த இடக்கை. பயிற்சி முடித்து வந்த நீ, ஊர்க்கூட்டத்தில் உன்னோடு வந்த இன்னொரு சாரணர் வாத்தியாருக்குக் கைகுலுக்க இடக்கையை நீட்டினாய். குலப் பெரியவர் முகம் புளித்துப்போயிற்று. "லாடிகோ, ஒம் மவனுக்குப் படிப்பு ஏறி பீச்சாங்கைக்கும் சோத்துக்கைக்கும் வித்தியாசம் மறந்துடுச்சா" என்று எல்லோர் முன்னும் கேட்டார். நீ கோபப்படவில்லை. இடக்கை கேடயம் பிடிக்கிற கை, அதை நீட்டவேண்டுமென்றால் கேடயத்தைக் கீழே வைக்கவேண்டும், எந்த ஆளிடம் பயமில்லையோ அவனிடம்தான் அதைச் செய்யமுடியும் என்றாய். பெரியவர், "அப்ப வலது கைல இருக்குற ஈட்டி அப்படியே இருக்குமே" என்றார். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

விசிலுக்கும் அப்படித்தான். நம் பெண்கள் வந்து, என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொடு வாத்தியாரே, விசில் மட்டும் வேண்டாம் என்றார்கள். புதர்ப் படை முகாமை வளைக்கும்போது விசிலடித்துத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நீயும் சரி என்று மாட்டுக்கொம்பு ஊதினாய். நாலைந்து வருடம் கொம்புதான். பிள்ளைகள் பயம் தெளிந்துவிட்டது என்று தோன்றிய பிறகுதான், தாய்மார்களிடம் கேட்டுவிட்டுத்தான், கம்பாலாவிலிருந்து வந்த அந்த விசிலைக் கழுத்தில் மாட்டினாய். நீண்ட ஊதல் என்றால் எங்கிருந்தாலும் என்னிடம் ஓடிவா என்று அவர்களுக்குப் பழக்கினாய். இதையெல்லாம் நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ யோசிக்காமல் எதையும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான்.

அன்று காலை நீங்கள் ஆற்றங்கரைக்குப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். வெண்ணெய்மரத்துப் பழம் பொறுக்கப் போகிறோம், அப்படியே ஆற்றின் துறைகளைக் குறித்துக்கொண்டு வருகிறோம் என்றாய். வானத்தில் இங்கே ஒரு துளி மேகம் இல்லை. மேலே மலையில் பெய்தது யாருக்குத் தெரியும். ஆறு ஏறுவதைப் பார்த்ததும் விசிலை ஊதினேன், எல்லோரும் ஓடிவந்தார்கள், ஒச்சித்தியின் மகன் ஒரோமா மட்டும் வரவில்லை என்று நீ சொன்னதுதான் நடந்ததைப் பற்றி எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் ஆற்றிலேயே கிடந்தாய். வளைவுக்குக் கீழே நாணலில் அவனை நீதான் கண்டெடுத்தாய். ஒச்சித்தியின் வாசலில் நீதான் கொண்டுபோய்க் கிடத்தினாய். பிறகு விசிலைக் கழற்றிக் குதிரின் கூரைமேல் எறிந்தாய், நான் வைத்த சோற்றைத் தொடாமல் போய்விட்டாய். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. விபத்து என்று சொல்லிவிட்டது. ஆனால் நமக்குப் போலீஸ் சொல்வது எப்போது போதுமானதாக இருந்திருக்கிறது.

குலப் பெரியவரிடம் போனேன். என் மகனுக்குப் பதிலாக நான் அந்த வேரைக் குடிக்கிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையாட்டவில்லை. "செத்தவனுக்குப் பதிலா அண்ணன் தம்பி குடிக்கலாம் லாடிகோ. உசிரோட இருக்கறவனுக்குப் பதிலா இன்னொரு வாய் குடிச்சா வேரு கசக்காது. கசக்கலைன்னா என்ன பிரயோசனம்" என்றார்.

ஆகவே நீதான் வரவேண்டும். வேறு வழி இருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். நியேகோவிடம் பதில் கொடுத்து அனுப்பு. ஒரு வார்த்தை போதும்.

உன் தலைமேல் தண்ணீர் தெளித்து ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா. (கட்டைவிரல் அடையாளம் என்னுடையது. மை லம்வாகாவுடையது.)


அச்வா ஆற்றங்கரை,
வெண்ணெய்மரத்துப் பழம் உதிரும் சமயம்.

மகன் கின்யேராவுக்கு அப்பா எழுதுவது.

கடிதத்தை உன் கையில் கொடுத்ததாக நியேகோ சொன்னான். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாய், ஒன்றும் சொல்லவில்லை என்றான். "வாங்கிக்கிட்டாருல்ல பெரியவரே, அதுவே பெருசு" என்று எனக்குச் சமாதானம் சொன்னான். பிறகு அவன் பேருந்து ஒவ்வொரு முறை வரும்போதும் ரோட்டோரம் போய் நின்றேன். அவன் தூரத்திலிருந்தே கையை ஆட்டி இல்லை என்று காட்டுவான். இப்போது கையாட்ட அவனுக்கே கஷ்டமாக இருக்கிறதென்று தெரிகிறது, அதனால் நான் போவதை நிறுத்திவிட்டேன். நொண்டி ஆட்டுக்குட்டி நரிக்குப் போய்விட்டது. நீ ஊரில் இல்லை என்று மழை வராமல் இருக்கவில்லை, அது வந்துவிட்டது.

ஒரு விஷயம் நடந்தது, அதற்காகத்தான் லம்வாகாவை மறுபடி கூப்பிட்டேன்.

உன் படை கலைந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தோம். கழுத்துத் துணிகளைத் தாய்மார்கள் பெட்டிக்குள் பூட்டிவிட்டார்கள். ஆனால் ஒரோமா போன நாள் திரும்பி வந்தபோது, அந்தப் பிள்ளைகள் விடியற்காலையில் கூடி அவன் கல்லறைக்குப் போயிருக்கிறார்கள். ஆற்றுக் கற்களை வட்டமாக வைத்து, நடுவில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒரோமாவின் அம்மா அச்சிரோ எழுந்து வந்து பார்த்தாள். மகன் கல்லறைமேல் வட்டமும் நடுவில் ஒரு கல்லும் இருந்தால் எந்தத் தாய்தான் சூனியம் என்று நினைக்க மாட்டாள். நேரே நம் வேலிக்கு வந்துவிட்டாள். இவ்வளவு காலத்தில் அந்த வீட்டிலிருந்து யாரும் நம் வேலியை நெருங்கியது கிடையாது. உள்ளே வரவில்லை. வெளியே நின்று, "ஏ லாடிகோ, வெளிய வா. ஒம் மவன் தின்னது போதாதுன்னு இப்ப மண்ணுக்குள்ள இருக்கறவனுக்கும் கட்டுப் போடுறியா. என்ன வச்ச அங்க, சொல்லு" என்று கத்தினாள்.

நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்துத் தெரியாத அப்பாவுக்கு நீ பாதைக் குறிகளைச் சொல்லிக்கொடுத்தாய் அல்லவா. வயலுக்குப் போகும்போது கல்லால் அம்பு போட்டுவிட்டுப் போவாய், நான் பின்னால் வருவேன். அம்பு என்றால் இந்த வழி. குறுக்கே இரண்டு குச்சி என்றால் இந்த வழி வேண்டாம். வட்டத்துக்குள் ஒரு கல் என்றால் நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மாலையில் வரப்பில் அந்த வட்டத்தைப் பார்த்தால்தான் நான் மண்வெட்டியைத் தோளில் போடுவேன்.

திரும்பி வந்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவளிடம் சொன்னேன். "அச்சிரோ, இது கட்டு இல்லம்மா. அவன் கூட்டாளிங்க வச்சிருக்காங்க. 'வீட்டுக்குப் போயிட்டேன்'னு அர்த்தம்" என்றேன். அவள் அங்கேயே, பாதை நடுவில், ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எந்த வீட்டுக்கு" என்று கேட்டாள். நானும் என் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுவில் வேலி இருந்தது. அவள் அழுது முடித்து எழுந்து போகும்வரை நான் எழவில்லை.

கற்களை அவள் கலைக்கவில்லை. நேற்றும் போய்ப் பார்த்தேன்.

பதில் எழுதச் சொல்லி உன்னை வற்புறுத்தவில்லை. பேசவோ எழுதவோ முடியாவிட்டால் நான் கல் வைத்துக் கற்றவன் என்பதை நினைத்துக்கொள். ஒரு தாளில் அம்பு போட்டு அனுப்பினாலும் எனக்குப் புரியும். வெறும் தாளாக இருந்தாலும் அதை நீ மடித்திருப்பாய் அல்லவா, அது போதும்.

மழையில் நனையாமல் இரு. மார்ச்சளி உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அப்பா.


அச்வா ஆற்றங்கரை,
கேழ்வரகு அறுக்கிற நேரம்.

மகன் கின்யேராவுக்கு, இது வேறு மாதிரி கடிதம். உட்கார்ந்து படி.

போன ஞாயிறு பூசை முடிந்து நல்ல உச்சி வெயிலில் ஒச்சித்தி நம் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். கையில் கம்பு இல்லை, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். வேலியைத் தாண்டி வந்து மாமர நிழலில் நின்றார். நான் முக்காலியை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். மெலிந்துவிட்டார், சட்டை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

நடந்து வந்ததில் அவருக்கு உதடு காய்ந்திருந்தது. தண்ணீர்ப் பானை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. வாசலுக்கு வந்த மனிதனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. அவர் முன்னால் நான் மட்டும் குடிக்கவும் முடியவில்லை. இரண்டு கிழட்டு மாடுகள் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தோம். கடைசியில் அவர்தான், "பானைய அந்தப் பக்கம் தள்ளி வையுங்க அண்ணே, பாக்கப் பாக்கத் தாகமா இருக்கு" என்றார். அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டார் என்பதை நான் அப்புறம்தான் உணர்ந்தேன்.

பானையை நகர்த்தினேன். அவர் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை லம்வாகாவிடம் இரண்டு முறை சொல்லிச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதச் சொல்கிறேன். ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை.

"அண்ணே, உங்க மவன் மத்த பசங்களுக்கு விசில் பழக்கினப்ப எம் பையன் காய்ச்சல்ல படுத்துக் கெடந்தான். திரும்பப் போன மொத நாளே ஆத்துக்குப் போனது. அவனுக்கு அந்தப் பாடம் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்ச விசில் பாடம் நான் சொல்லிக் குடுத்தது" என்றார்.

என்ன பாடம் என்று அவரே சொன்னார். "முகாம்ல அவன் கைக்கொழந்தையா இருந்ததுலேர்ந்து சொல்லி வளத்தேன். விசில் சத்தம் கேட்டா ரோட்டுப் பக்கம் ஓடாத. நாணலுக்குள்ள பூந்து கழுத்தளவு தண்ணில உக்காந்துக்கோ. எவன் கூப்பிட்டாலும் வராத, ஒம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் வராத. பேரு எல்லாருக்கும் தெரியும். நான் வந்து, என் வாயால, என் கொரல்ல கூப்புடுவேன். அப்ப மட்டும் எந்திரிச்சு வான்னு சொல்லியிருந்தேன். ஒரு தடவ அப்படித்தான் அண்ணே உசிரு பொழச்சான். ராத்திரி பூரா நாணல்ல உக்காந்திருந்தான். விடிஞ்சு நான் போய்க் கூப்பிட்டேன், வந்தான்."

மண்ணைப் பார்த்தபடியே மேலும் சொன்னார்: "உங்க மவன் கரையெல்லாம் ஓடி ஓடி ஒரோமா, ஒரோமான்னு கத்துனதா மத்த பசங்க சொன்னாங்க. அவனுக்குக் கேட்டிருக்கும். தண்ணி ஏற ஏற அவன் என் கொரலுக்காக உக்காந்திருக்கான். சொன்ன சொல்ல மீறாத புள்ள அண்ணே அவன். நான் அன்னிக்கு எள்ளு வெதச்சுக்கிட்டு இருந்தேன்."

மகனே, இது அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. நாணலில் கிடைத்தான் என்று நீ சொன்ன நிமிடமே தெரிந்திருக்கிறது. அச்சிரோவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். அன்று அவள் வேலியிலிருந்து திரும்பிப் போய், வீட்டுக்குப் போய்விட்டேன் என்று கல்லில் எழுதியிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவருக்கு வாய் திறந்திருக்கிறது. இவ்வளவு காலம் நீ அங்கே தனியாக மென்றுகொண்டிருந்ததை இவர் இங்கே தனியாக மென்றுகொண்டிருந்திருக்கிறார். நான் நடுவில் ஆட்டோடு பேசிக்கொண்டிருந்தேன்.

குலப் பெரியவரிடம் அவரே போயிருக்கிறார். வேர் குடிக்கிற அன்று குற்றம் செய்தவன், இழந்தவன் என்று இரண்டு பக்கமாகப் பிரித்து என்னையும் வாத்தியாரையும் மண்டியிட வைக்காதீர்கள், இரண்டு பேரையும் ஒரே பக்கம் வையுங்கள் என்று கேட்டாராம். பெரியவர் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "அப்ப வழக்கம் இப்ப ஆரம்பிக்கட்டும்" என்றாராம் இவர். பெரியவர் ஒத்துக்கொண்டார். நீ வந்தால் போதும், நாள் குறித்துவிடலாம்.

போகும்போது அவர் எழுந்து நின்று இடக்கையை நீட்டினார். நான் தடுமாறிவிட்டேன். எந்தக் கையைக் கொடுப்பதென்று தெரியாமல் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. "உங்களுக்கு இல்ல அண்ணே" என்றார். "படைல சேந்ததுலேர்ந்து எம் பையன் காலைல எந்திரிச்சதும் எங்கிட்ட வந்து பீச்சாங்கைய நீட்டுவான். பெத்தவன்கிட்ட எவன்டா அந்தக் கைய நீட்டுறதுன்னு தட்டி விட்டுருவேன். மறுநா மறுபடி நீட்டுவான். ஒரு நா கூட நான் பிடிக்கல. இது உங்க மவனுக்கு. எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல, ஊர்ல இல்லையே அவரு."

அதற்கு நான்தான் ஒரு வழி சொன்னேன். இன்று அவரை இங்கே, கோயில் மாமரத்தடிக்கு வரச் சொன்னேன். இதை எழுதும்போது அவர் பெஞ்சின் அந்த முனையில் உட்கார்ந்திருக்கிறார். லம்வாகா இந்தத் தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறாள். அவர் கையை விரித்து வைப்பார், இவள் சுற்றிப் பேனாவால் கோடு போடுவாள். அசைக்காதீங்க, அசைக்காதீங்க என்று இப்போதே மிரட்டிக்கொண்டிருக்கிறாள்.

விசில் குதிரின் கூரையில் கிடைத்தது, வேயும்போது. துருப்பிடிக்கவில்லை. என்ன செய்வது என்று ஒச்சித்தியைக் கேட்டேன். வாத்தியார் வந்து முடிவு செய்யட்டும் என்றார். பையன்களும் அதையே சொல்கிறார்கள். அவர்கள் கழுத்துத் துணியை மறுபடி கேட்டு வீட்டில் நச்சரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கொம்பைத் தேடி எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நேற்று அச்சிரோ ஒச்சித்தியிடம் ஒரு முட்டையைக் கொடுத்து அனுப்பினாள். நான் வாங்கத் தயங்கினேன், அவர்கள் வீட்டுப் பொருள் ஆயிற்றே. "திங்கறதுக்கு இல்ல, மிதிக்கறதுக்குன்னு சொல்லச் சொன்னா" என்றார் ஒச்சித்தி. நம் முட்டையை எடுத்துவிட்டு அதைத்தான் வாசலில் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் பழசானால் அவித்துத் தின்றுவிடுவேன். இதைத் தின்ன முடியாது. அந்த வீட்டு முட்டை. கெட்டுப்போனால் தூக்கிப் போடவும் எனக்குக் கை வராது. இங்கே வெயில் அதிகமாக இருக்கிறது மகனே. சாக்கை நனைத்து நிழல் கட்டியிருக்கிறேன்.

நியேகோ வியாழக்கிழமை திரும்புகிறான். அவன் பக்கத்து இருக்கையைக் காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் பாதையில் முள் இல்லாமல் இருக்கட்டும்.

உன் அப்பா லாடிகோ.

கீழே இருப்பது ஒச்சித்தியின் இடக்கை. கட்டைவிரல் பக்கம் கோடு கோணியிருப்பது லம்வாகாவின் தவறு அல்ல, அவர்தான் விரலை அசைத்துவிட்டார். உன் கையை அதன்மேல் வை.